நாற்பத்திரண்டு டிகிரியில் வளர்ந்த ஈஸ்ட்

அந்த மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் அவளைப் ‘பூதக்கண்ணாடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பட்டப்பெயருக்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்பட வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

அன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் நாலாம் படுக்கைப் பெண்ணின் ரத்தத்தில் ஈஸ்ட் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. கிருமிக்குப் பெயர் சொல்லும் மெஷின் ஏதோ ஓர் அபூர்வ இனத்தின் பெயரைக் காட்டியது. அவளுக்கு நெற்றி சுருங்கியது. போன வாரம் மூன்றாம் படுக்கைக்கும் இதே பெயர். மூன்று வாரத்துக்கு முன் ஐந்தாம் படுக்கைக்கும் இதே பெயர். ஐந்தாம் படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பூஞ்சை மருந்து ஏற்றியும் பிழைக்கவில்லை. அத்தனை அபூர்வமான கிருமி அடுத்தடுத்த படுக்கைக்கு எப்படி வரும்?

துறைத் தலைவரிடம் போய் நின்றாள்.

“சார், மெஷின் தப்பா சொல்லுதுன்னு நெனைக்கிறேன். இதே ஜாடையில இன்னொரு ஈஸ்ட் இருக்கு. அதுக்கு வழக்கமான மருந்து கேக்காது. ஆளுக்கு ஆள் தொத்தும்.”

“மெஷினைவிட உனக்குத் தெரியுமோ? ‘ஈஸ்ட்’னு மட்டும் எழுதி அனுப்பு. ஐசியுவைக் கிளறாதே.”

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆய்வகத்துக்கு வந்து அதே ஈஸ்டைக் கிருமி வளர்க்கும் இரண்டு பிளேட்டில் தடவினாள். ஒன்றை முப்பத்தேழு டிகிரியில் வைத்தாள், மற்றதை நாற்பத்திரண்டில். மெஷின் சொன்ன இனம் நாற்பத்திரண்டில் வளராது. அவள் சந்தேகப்பட்டது வளரும்.

வீட்டில் குக்கரைத் தேய்த்த தேய்ப்பில் கணவர் எட்டிப் பார்த்தார். “அது குக்கரா, உங்க துறைத் தலைவரா?”

“சிரிக்காதீங்க. ஒரு மனுஷன் செத்திருக்கார். ‘ஈஸ்ட்’னு மட்டும் எழுதணுமாம். திருடன் யாருன்னு கேட்டா ‘மனுஷன்’னு சொல்ற மாதிரி இல்ல?”

இரண்டாம் நாள் காலை நாற்பத்திரண்டு டிகிரி பிளேட்டில் வெள்ளை வெளேரென்று புள்ளிகள் பூத்திருந்தன. துறைத் தலைவரைக் கேட்கவில்லை. ஐசியு மருத்துவருக்கே போன் போட்டாள். அவர் அன்றைக்கே மருந்தை மாற்றினார். அடுத்து அங்கிருந்த மூத்த நர்ஸிடம் பேசினாள்.

“அக்கா, மூணு பேருக்கும் பொதுவா எதை வெச்சீங்க?”

“அக்குள்ல வைக்கிற அந்த ஒயர் தெர்மாமீட்டர்தாம்மா. மத்ததெல்லாம் ரிப்பேர். துடைச்சுத் துடைச்சு எல்லாருக்கும் அதையேதான் வைக்கிறோம். புதுசு கேட்டு ஆறு மாசம் ஆச்சு.”

அதிலிருந்து துடைத்தெடுத்த பஞ்சிலும் அதே ஈஸ்ட் வளர்ந்தது. வெளியூர் ஆய்வகமும் அவள் சந்தேகத்தை உறுதி செய்தது. நாலாம் படுக்கைப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் படுக்கைக்காரருக்கு மாற்று மருந்து காலம் கடந்து போய்ச் சேர்ந்தது.

மருத்துவமனைக் கூட்டத்தில் துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். “நம்ம துறை உடனே கண்டுபிடிச்சிருச்சு.”

“உடனே இல்ல சார்,” என்று அவள் எழுந்தாள். “மூணு வாரம். ரெண்டு உயிர்.”

படுக்கைக்கொரு தெர்மாமீட்டர் வந்தது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது: மேலதிகாரியை மீறியதற்கு விளக்கம் தேவை.

அந்த வாரமே தபால்காரரின் மனைவி பழைய ரிப்போர்ட்டுக்காக வந்தார். ஃப்ரீசரில் சேமித்திருந்த தபால்காரரின் ஈஸ்டையும் அவள் மறுபடி சோதித்து வைத்திருந்தாள்.

“அவருக்கும் இதுதானாம்மா?”

“ஆமாம்மா.”

“அப்பவே சரியாப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா?”

அவள் எழுந்து அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். திரும்பி வந்து, மெமோவின் கீழே, ‘விளக்கம்’ என்று அச்சடித்திருந்த இடத்தில், அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.