மடியில் முடிந்த பிளக்

பரளச்சிப் பக்கத்துப் பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் புருஷனோடு பிறந்தவர்களைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ரெண்டு பேரையும் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் சுப்புராஜ். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் முனையில் எஞ்சின் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தேன். கூடவே சில்லறைச் சாமானும் விற்பேன். அறுபத்தெட்டு வாக்கில் ராமசுப்புவும் அவர் தம்பி முத்துராமலிங்கமும் தூத்துக்குடிப் பக்கம் உடைத்துப் போட்ட ஒரு லாஞ்சிலிருந்து பழைய எஞ்சின் ஒன்றைப் பிடித்து வந்து தங்கள் பங்குக் கிணற்றின் மேல் இறக்கினார்கள். ரெண்டு சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்ட வேண்டும். கடல் தண்ணீரில் மிதந்த எஞ்சின், மழை எட்டிப் பார்க்காத கரிசல் காட்டில் வந்து உட்கார்ந்தது. பேர், நம்பர் போட்ட தகட்டை உப்பு தின்றிருந்தது.

கிணற்றில் மூன்று பங்கு. மூன்றாவது பங்கு கடைசித் தம்பிக்கு, அதாவது பொன்னுத்தாயின் புருஷனுக்கு. அவன் பாம்பு கடித்துப் போய்விட்டான். பிள்ளைகுட்டி இல்லை. மிஞ்சியது பொன்னுத்தாயும், ஒரு துண்டு மிளகாய்த் தோட்டமும், முறைக்கு முறை கிணற்றுத் தண்ணீரும்தான்.

எஞ்சின் பொது. ஆனால் சிலிண்டருக்கு ஒன்றாக உள்ளே தீப்பொறி தட்டுகிற பிளக் தேய்கிற சாமானாயிற்றே, அதை யார் வாங்கிப் போடுவது? அண்ணனும் தம்பியும் இதற்காக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டை போட்டு, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவரவர் முறைக்கு அவரவர் பிளக். தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் சூடு ஆறுமுன்னே ஸ்பானரைப் போட்டுக் கழற்றி, துணியில் சுற்றி, மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவது! வெற்றிலைப் பையை மடியில் வைக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். பிளக்கை வைக்கிறவனை அங்கேதான் பார்த்தேன். சுடச்சுடக் கழற்றிக் கழற்றி மரை என்னத்துக்கு ஆகும்? சொன்னேன். யார் கேட்டார்கள்?

ராமசுப்பு என் கடைக்கு வந்து, இருப்பதிலேயே பளபளப்பான, கழுத்து நீண்ட லாரி பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது உங்க எஞ்சினுக்கு ஆகாது. கழுத்து நீளம். உள்ள போயி பிஸ்டன்ல இடிக்கும்."

"நீளமா இருந்தாத்தானப்பா தீ நல்லா உள்ள போயி விழும்? இடிச்சா வாஷரப் போட்டு ஏத்திக்கிடுதேன்."

சொன்னபடியே நாலைந்து செம்பு வாஷரை அடுக்கி, பிளக்கை மேலே தூக்கி நிறுத்தி ஓட்டினார். எஞ்சின் இருமிக்கொண்டு ஓடியது. முத்துராமலிங்கம் அதற்கும் மேல். லாரி ஷெட்டில் தூக்கிப் போட்ட பிளக்கைப் பொறுக்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினார். அது கரி பிடித்து, ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம்.

பொன்னுத்தாய் வந்தபோது, எஞ்சினோடு வந்த பழைய பிளக்கை எண்ணெய்த் துணியில் பொதிந்து கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணே, பளபளப்பெல்லாம் எனக்கு வேண்டாம். இது எந்த அளவோ அந்த அளவுல குடுங்க. என் முறையில தண்ணி நிக்காமப் பாயணும், அவ்வளவுதான்."

பழையதைப் பக்கத்தில் வைத்துத் திருகு பார்த்தேன், கழுத்து பார்த்தேன். மண்ணெண்ணெய் குடிக்கிற கிழட்டு எஞ்சினுக்கு முனையில் சூடு தங்குகிற பிளக்தான் வேண்டும், இல்லாவிட்டால் கரி அப்பிவிடும். அதற்குத் தகுந்த குட்டைக் கழுத்தில் ஒரு ஜோடி தேடிக் கொடுத்தேன். "ஒரு முறை ஓட்டிட்டு முனையப் பாரு தாயி. காப்பிப்பொடி நெறத்துல இருந்தா சரி. கருப்பா இருந்தா கொண்டா, வேற தாரேன்" என்றேன். அடுத்த வாரம் வேலைக்காரன் அருஞ்சுனையிடம் சொல்லி விட்டாள், காப்பிப்பொடி நிறம்தான் என்று. அவள் முறையில் எஞ்சின் சும்மா கும்மென்று ஓடியதாம். அந்தச் சத்தம் ராமசுப்பு காதிலும் விழுந்ததுதான் வினை.

தை மாதம். மிளகாய் பூவெடுக்கிற நேரம். ராமசுப்பு அவளிடம், "ஏத்தா, ஒரு முறைக்கு ஒன் பிளக்கக் குடு, என்னது மக்கர் பண்ணுது" என்று கேட்டார். மூத்தவர் கேட்கிறார் என்று கொடுத்தாள். அவர் தோட்டத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போனது. மறுநாள் அவள் முறை. விடியுமுன் அவள் பிளக் என்று சொல்லி ஒரு ஜோடியைத் துணியில் சுற்றி அருஞ்சுனை கையில் கொடுத்தார். உள்ளே இருந்தது அவருடைய நீளக் கழுத்து. அந்த மனுஷன் செய்ததைக் கேளுங்கள். வாஷர் தன் காசில் வாங்கியது என்று அதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்!

பொன்னுத்தாய் பாத்தி மடை திறக்கப் போயிருந்தாள். அருஞ்சுனை இருட்டில் பிளக்கை மாட்டி ஹேண்டிலைப் போட்டான். டக்கென்று இடித்தது. குளிருக்கு இறுகிக் கிடக்கிறது என்று நினைத்து மூச்சைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினான். எஞ்சின் கிளம்பியது. பிளக் முனை உள்ளே ஒடிந்து விழுந்து பிஸ்டன் தலையைப் பிளந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கிணற்றடியில் நின்றது. ராமசுப்பு குதித்துக்கொண்டிருந்தார். "பொம்பள கைய வச்சா எஞ்சினு வெளங்குமா? செலவு பூராத்தையும் இவதான் குடுக்கணும்!"

சிலிண்டர் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி ஒடிந்த பிளக்கை எடுத்துக் காட்டினேன். "நான் இந்தம்மாவுக்கு வித்தது இது இல்ல" என்றேன்.

பொன்னுத்தாய் அழவில்லை. ராமசுப்புவுக்கு நேராக வந்து நின்றாள்.

"பெரிய மச்சான், ஒங்க மடிய அவுத்துக் காட்டுங்க."

அவர் ரெண்டடி பின்னால் போனார். தம்பிக்காரன் முத்துராமலிங்கம் சிரித்துக்கொண்டே அவர் மடியைப் பிடித்து இழுத்தார். குட்டைக் கழுத்து பிளக் ரெண்டும் கீழே விழுந்தன. கூடவே நூலில் கோத்த செம்பு வாஷர்.

அவ்வளவு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருட்டுப் பிடிபட்டிருக்கிறது, ஒருத்தியின் ஒரு வருஷச் சோறு போகக் கிடக்கிறது, இவர்கள் சிரிக்கிறார்கள்! ஊர்ப் பெரியவர் சௌந்தரபாண்டியன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்கப்பா, ஒரே குடும்பம். மூணு பங்கு எஞ்சினு, செலவும் மூணு பங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சீ! எங்கள் வீட்டுப் பாஷையில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். தெலுங்கு புரியாததால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த எஞ்சினுக்கு பிஸ்டன் எங்கே கிடைக்கும்? மதுரை லேத்தில் கடைந்து வரவே மாசி பாதி ஓடிவிட்டது. அண்ணனும் தம்பியும் மாட்டைக் கட்டிக் கமலை இறைத்தார்கள். "எங்க மாடும் ஒரு முறைக்குத்தானே தாங்கும்?" என்று அவளுக்கு இரவல் தரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு செடி செடியாக ஊற்றிப் பார்த்தாள். பூவெல்லாம் கொட்டிப் போனது. அப்புறம் செடியும் போனது.

பங்குனியில் ராமசுப்பு என் ஷெட்டுக்கு வந்தார். தோளில் சின்ன மூட்டை.

"நம்ம தோட்டத்து மொளகா வத்தல் சுப்புராசு. வீட்டுக்குக் குடு. காயப் பாத்தியா, எம்புட்டுச் செவப்பு!"

"யாரு பறிச்சா?"

"நம்ம பொன்னுத்தாயிதான். கூலிக்கு வந்திருச்சு. பாவம், வெறுங்கையோட எதுக்கு இருக்கணும்னு நாந்தான் கூப்பிட்டேன். நல்லாப் பறிக்கும்."

அவள் பிளக்கில் பாய்ந்த தண்ணீர், அவள் கையால் பறித்த காய். மூட்டையைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை. "எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவர் நான் கூச்சப்படுவதாக நினைத்துச் சிரித்தார்.

"சரி, அது கெடக்கட்டும். அந்தக் குட்டைக் கழுத்து பிளக்குல ஒரு ஜோடி குடு. ஒன் பேச்சக் கேட்டிருக்கணும்ப்பா."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிளக் பெட்டி அவர் கண்முன்னேதான் இருந்தது, ஆனால் நான் நிறுத்திக்கொண்டது அதனால் இல்லை. அவள் முறை இனிமேலும் வரும், அவள் மறுபடியும் செடி நடுவாள். நான் கொடுக்காவிட்டால் இந்த ஆள் மறுபடியும் அவளுடையதைத்தான் எடுப்பார்.

ஒரு ஜோடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். காசை வைத்துவிட்டு, பிளக்கைத் துணியில் சுற்றி மடியில் முடிந்துகொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"இதுக்கு வாஷரு சும்மா தருவியா?"