என்னிடம் சொல்லுங்கள்

என் வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் என் பதிவைப் படிப்பதே இல்லை என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்க் கன்னியர் மடத்துத் தலைவி. குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து நான் உடைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, "ஃபாதர், உங்க பதிவு வந்ததும் நாங்க நேரா கீழே போயிடுவோம். ரிக் அண்ணன் என்ன எழுதியிருக்கார்னு பார்த்துட்டுத்தான் மேலே வர்றது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கத்தோலிக்கக் குரு. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கும் கோழிப்பண்ணைக்கும் நடுவே ஒரு சின்னப் பங்கு. எங்கள் குடும்பங்கள் அத்தனையையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். என் மறையுரையின்போது அவர்கள் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் எழுத ஆரம்பித்தேன். எல்லோரும் வீடியோவுக்குப் போன பிறகும் நான் வலைப்பூவை விடவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்றால் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திவைத்தவன் போல இருப்பேன். எழுத்தில் நான் அழகன்.

சேலத்தில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், "இன்று உங்களைப் படித்தேன், வீட்டுக்காரரோடு சண்டை போடாமல் இருந்தேன்" என்று எழுதுவார். அந்த மாதிரி ஒரு வரி வந்தால் வாரம் முழுக்க அதை வைத்து ஓட்டிவிடுவேன். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. வாசகர்கள் இருந்தார்கள். அவர்களை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், ரிக் அண்ணனைக் கூட்டிவந்து உட்காரவைத்ததே நான்தான். கோயில் வளாகத்தில் போர் போட ரிக் வண்டி வந்திருந்தது. அதை ஓட்டித் துளை போடுகிற டிரில்லர் அவர். வெண்ணந்தூர்க்காரர், இந்து, ஏறக்குறைய என் வயசு. வேலைக்கு நடுவில் நிழலுக்காகக் கோயிலுக்குள் வந்தார். செருப்பை வெளியே விட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விசாரித்தார். மூலையில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டைக் காட்டி, "அதென்னங்க சாமி, டிக்கெட் குடுக்கற எடமுங்களா?" என்றார்.

விளக்கினேன். செய்த தப்பை மனதுவிட்டுச் சொல்வார்கள், நான் கேட்பேன், வெளியே யாரிடமும் மூச்சுவிட மாட்டேன், போலீஸ் வந்து கேட்டாலும் சொல்லக்கூடாது என்றேன். அவர் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, எங்களாட்டம் ஆளுங்க சொல்லலாமுங்களா?"

"அது எங்க ஆளுங்களுக்கு உள்ளதுங்க. ஆனா எங்கிட்டப் பேசணும்னா நீங்க எப்ப வேணா பேசலாம்" என்று சொல்லி, அவர் போனை வாங்கி என் வலைப்பூவைத் திறந்து கொடுத்தேன். ஒரு வாசகர் கூடுகிறாரே என்ற ஆசை, வேறென்ன. ஒவ்வொரு பதிவின் கீழும் வாசகர்கள் எழுத ஒரு பெட்டி உண்டு. பின்னூட்டம் என்ற சொல் பிடிக்காமல் அதன் தலையில் 'என்னிடம் சொல்லுங்கள்' என்று போட்டிருந்தேன். "இதுல எழுதுங்க, எனக்கு வந்துரும்" என்றேன். சாயங்காலம் தண்ணீர் வந்தது. தேங்காய் உடைத்தோம். ரிக் கிளம்பிப் போனது.

அந்தப் பெட்டியில் எழுதுவது உடனே வெளியே தெரியாது. முதலில் எனக்கு வரும். நான் 'வெளியிடு' என்று அழுத்தினால்தான் பதிவுக்குக் கீழே போய் உட்காரும். யாரோ ஒருவர் வசிய மருந்து விளம்பரம் போட்டதிலிருந்து அப்படி வைத்திருந்தேன்.

தவக்காலத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். பாலைவனத் துறவிகள், இறையியல் எல்லாம் கலந்து, பத்து நாள் மெனக்கெட்டது. அதற்கு அவரிடமிருந்து இப்படி வந்தது. 'சாமி, கம்ப்ரசர நிறுத்துனதும் ஒரு அமைதி வரும் பாருங்க. நம்ம காதுக்குள்ள மட்டும் ஓடிட்டே இருக்கும். அப்பத்தான் போர் போடச் சொன்ன காட்டுக்காரரு மூச்சு உடறது கேக்கும். தண்ணி வருமான்னு அவரு வாயால கேக்க மாட்டாருங்க.'

நல்லாயிருக்கிறதே என்று பெருந்தன்மையாக வெளியிட்டேன். அந்த வாரம் என் பத்து நாள் மெனக்கெடலுக்கு 'அருமை ஃபாதர்' என்று கிடைத்தது. அவருடைய நாலு வரிக்குக் கீழே ஊரே கூடிவிட்டது. வங்கி அம்மா, தன் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் அப்படித்தான் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றார் என்று பக்கம் பக்கமாக எழுதினார். என்னிடம் அவர் தன் அப்பாவைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. இதைப் பூசி மெழுக வேண்டாம், எனக்குப் பொறாமை. வயிறு எரிந்தது. ஆந்திராவில் எங்கோ ஒரு காட்டோரம் வண்டி நிற்கும், எப்போதாவது சிக்னல் கிடைக்கும், அவர் கட்டைவிரலால் ரெண்டு வரி தட்டிவிடுவார். இங்கே நான் தமிழ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதைவிட என்னை எரிச்சல்படுத்தியது அவருடைய மிடுக்கு. தனக்குக் கீழே இத்தனை பேர் உருகி எழுதுகிறார்களே, ஒருவருக்காவது பதில் போட்டாரா? கிடையாது. எப்போதும் 'சாமி' என்று ஆரம்பிப்பார், என்னிடம் மட்டும் பேசுவார், போய்விடுவார். 'எவ்வளவு அடக்கம்' என்றார்கள் வாசகர்கள். 'எவ்வளவு திமிர்' என்று நான் நினைத்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. லாரிப் பட்டறையைப் பற்றி எழுதினேன். கொங்குப் பேச்சை அள்ளிப் போட்டு ஒரு பதிவு எழுதினேன். 'ஃபாதர், இது உங்களுக்கு வரல' என்று ஒருவர் எழுதினார், அதையும் வெளியிட வேண்டியிருந்தது. ஒருமுறை அவர் அனுப்பியதைப் போடாமல் வைத்திருந்தேன். வங்கி அம்மா போன் செய்தார். அந்த நேரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். "ஏன் ஃபாதர், ரிக் அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

குருக்கள் கூட்டத்தில் எங்கள் மறைமாவட்ட ஆயர் என்னைத் தனியே அழைத்து, "உங்க வலைப்பூவைத் தவறாமப் படிக்கிறேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "யாரு அந்த டிரில்லர்?" என்றார்.

இனித் தாங்காது என்று அயோத்தியாப்பட்டணம் போனேன். குருமடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அங்கே பங்குத்தந்தை. நாங்களும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள்தான், அவனிடம்தான் நான் செய்வது. பொறாமை என்றேன். யார்மேல் என்றான். போர் போடுகிறவர்மேல் என்றதும் அவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். பிறகு பாவத்துக்குப் பரிகாரமாகத் தபசு கொடுத்தான். அவர் எழுதுவது வந்தவுடனே வெளியிட வேண்டும், ஒன்றைக்கூட நிறுத்திவைக்கக் கூடாது, முடிந்தால் பாராட்டி ஒரு வார்த்தையும் போட வேண்டும். மூன்று ஜெபமாலை என்றால் வண்டியிலேயே முடித்திருப்பேன். இது கடினம். ஆனால் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்து அவரிடமிருந்து வந்தது இது.

'சாமி, ஆத்தூர்ப் பக்கம் ஒரு அம்மா. ஊட்டுக்காரரு இல்லீங்க. தோடக் கழட்டி அடகு வெச்சு போர் போடறாங்க. ரொம்ப ஆழம் போயும் வெறும் புழுதி. தண்ணி இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தம்மா எம்மூஞ்சியப் பாத்து, இன்னும் போவலாமா தம்பின்னாங்க. எங்களுக்கு அடிக் கணக்குல காசுங்க. போலாங்க, ஈர வாசம் அடிக்குதுன்னேன். ஒரு வாசமும் இல்லீங்க. அந்தம்மா சிரிச்சுட்டு சொம்புல மோர் கொண்டாந்து குடுத்தாங்க. வாங்கிக் குடிச்சேன். இன்னும் தொண்டையில நிக்குதுங்க.'

படித்து முடித்தேன். இந்த மோர்ச் சொம்பு எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது என்று தெரிந்தது. எரிந்தது. எரிய எரிய 'வெளியிடு' என்று அழுத்தினேன். கீழே 'அருமையான எழுத்து' என்று நானே எழுதினேன். அன்று ஒரு மாதிரி லேசாக இருந்தேன். நல்ல குருவாகிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

அதற்கு வந்த வரவேற்பைச் சொல்லி என்னை நானே புண்ணாக்கிக்கொள்ள விரும்பவில்லை. வாசகர்கள் எல்லோரும் ஒருநாள் கூடுவோம், ரிக் அண்ணன் பொங்கலுக்கு ஊருக்கு வருவார் அல்லவா என்று வங்கி அம்மா ஏற்பாடு செய்தார். இடம் எங்கள் பங்கு மண்டபம். அவருக்குப் போர்த்தப் பொன்னாடை வாங்கும் வேலை எனக்கு. ராசிபுரத்துக் கடையில் இரண்டு விரித்துக் காட்டினார்கள். ஜரிகை குறைந்ததை எடுத்தேன். நான் அவரைப் போனில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சிலர் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளை வேட்டி சட்டையில் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் கை கூப்புவதற்குள் வங்கி அம்மா ஓடி வந்துவிட்டார். "அண்ணா, அந்த ஆத்தூர் அம்மா கொடுத்த மோர் இருக்கே, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலண்ணா" என்றார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலி போடச் சொல்லிக்கொண்டே மண்டபத்துக்குள் போனார்.

"சாமி, இவிங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

நான் முதலில் புரியாமல் நின்றேன். பிறகு அவர் போனை வாங்கி, பதிவின் அடியில் பின்னூட்டங்களின் எண்ணிக்கையைச் சின்னதாகக் காட்டும் எண்ணைத் தொட்டேன். அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. எழுதுவார், அனுப்புவார், பெட்டி காலியாகும், என்னிடம் வந்துவிட்டது என்று போனை மூடிவிடுவார். தொட்டதும் எல்லாம் விரிந்து இறங்கின. ரிக் வண்டி முன்னால் அவர் நிற்கும் படமும் பெயரும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்தன. அவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"எல்லாமேங்களா?"

"எல்லாமே."

"நீங்க ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னீங்களேங்க சாமி."

எனக்கு அப்போதுதான் அந்த மரக்கூண்டு ஞாபகம் வந்தது. அவர் ஆத்தூர் அம்மாவின் கதைக்குக் கீழே வந்து நின்றிருந்தார். "இதுக்கு நீங்க ஒன்னும் சொல்லலியேன்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. அருமையான எழுத்துன்னு போட்டிருக்கீங்களே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இத்தனை வருஷம் கூண்டுக்குள் உட்கார்ந்து எத்தனை பேருடைய குரலைக் கேட்டிருக்கிறேன். ஒரு மனிதன் தன் தப்பைச் சொன்னால் அது எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பொறாமையில் எனக்கு எழுத்து மட்டும்தான் தெரிந்தது. என் பொறாமை சொன்னபடி கேட்டு அந்த மோர்க் கதையை நிறுத்திவைத்திருந்தாலாவது அவர் ரகசியம் தப்பியிருக்கும்.

"எல்லாரும் படிக்கறது தெரியாமத்தான் எழுதுனேன்னு அவிங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க. சிரிச்சுப்போடுவாங்க" என்றார். பிறகு உள்ளே போய் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். நான் அந்த மட்டமான பொன்னாடையைப் போர்த்தினேன். கைதட்டினார்கள். மோர்க் கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார்கள். "கண்ணாடி கொண்டாரலீங்க" என்றார். அப்படியானால் ஃபாதர் படிக்கட்டும் என்றார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னேன்.

கிளம்பும்போது பைக்கில் உட்கார்ந்துகொண்டு, பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தார். "அழிச்சுப்போடுங்க சாமி. அந்த ஆத்தூர் அம்மாவோட மருமகன் எந்நேரமும் போன் பாக்கறவருங்க."

"வாசகர்கள் ஏன்னு கேப்பாங்களே."

"நாஞ்சொன்னேன்னு மட்டும் சொல்ல வேண்டாங்க" என்றார். பைக்கை உதைத்துக் கிளப்பி, "வாரேனுங்க" என்றார். அதற்குப் பிறகு என் பெட்டிக்கு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து அவர் எழுதியது ஒவ்வொன்றையும் எடுத்தேன். எடுக்கிறபோது ஒவ்வொன்றையும் மறுபடி படித்தேன், இந்த முறை எழுத்துக்காக அல்ல. வலைப்பூ சுத்தமாகிவிட்டது. இப்போது மேலேயும் நான், கீழேயும் நான். புதிதாக ஒரு பதிவு எழுதிப் போட்டேன். 'ரிக் அண்ணன் எங்கே?' என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. மடத்துத் தலைவி பூசை முடிந்ததும் என்னிடம் நின்று பேசுவதை விட்டுவிட்டார். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கடைசியாக வங்கி அம்மாவிடமிருந்து ஒன்று வந்தது. 'ஃபாதர், மண்டபத்திலேயே உங்கள் முகத்தைக் கவனித்தேன். ஒரு சாதாரண மனிதர் உங்களைவிட நன்றாக எழுதிவிட்டார், உங்களால் அதைத் தாங்க முடியவில்லை. பூசை வைக்கிற கையால் அவர் எழுதியதை அழித்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பொறாமை. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்.'

அது என் பார்வைக்கு மட்டும் வந்து நின்றுகொண்டிருந்தது. 'அழி' என்று ஒன்று, 'வெளியிடு' என்று ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரே ஒரு வரியில் நான் உண்மையைச் சொன்னால் அந்த அம்மா திரும்பி வந்துவிடுவார், மற்றவர்களும் வந்துவிடுவார்கள். ஆத்தூர்ப் பக்கத்து மருமகனும் படிப்பார்.

'வெளியிடு' என்று அழுத்தினேன்.