மூன்றாம் மாடிக்குப் பத்துப் புள்ளி

போன மாதம் ஒரு பகல், கையில் டெப்லட்டோடு ஒரு பிள்ளை, கடலோரத்தில் அரசாங்கம் கட்டித் தந்த எங்கள் மாடிவீட்டுத் தொகுதிக்கு வந்தாள். சம்மாந்துறைக்காரி. பட்டதாரி. மக்களின் மகிழ்ச்சியை அளக்க அரசாங்கம் அனுப்பியிருக்கிறதாம்!

எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை காலமும் ஃபேன் இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டவர்கள், முதல்முறையாக மனிதரைப் பற்றிக் கேட்கிறார்கள். என் வீட்டை முடித்ததும் நானே அவளைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அது ரிஸ்மியாவின் வீடு. அவள் கணவர் ஜவ்பர் ஆழ்கடலுக்குப் போய்வந்த மீனவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து, ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. நாங்கள் இருப்பதோ மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

நிரந்தர வீடா? ஓம். மின்சாரம்? ஓம். குழாய்த் தண்ணீர்? ஓம். எல்லாவற்றுக்கும் 'சரி' விழுந்தது. கடைசியில் அந்தக் கேள்வி.

"ஒங்கட வாழ்க்கையில எவ்வளவு சந்தோசமா இரிக்கீங்க ராத்தா? பூச்சியத்துக்கும் பத்துக்கும் எடையில ஒரு நம்பர் சொல்லுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ரிஸ்மியா.

பிள்ளை பத்தை அழுத்தினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன புள்ள செஞ்ச?"

"அல்ஹம்துலில்லாஹ் எண்டா நல்லா இரிக்கம் எண்டுதானே மாமி..."

சாவு விழுந்த மையத்து வீட்டிலும் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறவர்கள் நாங்கள். அது அல்லாஹ்வுக்குச் சொல்லும் நன்றி. அதை அரசாங்கத்துக்குக் கொடுத்த நற்சான்றிதழாக எப்படி மாற்றலாம்?

"அவருக்கிட்டயும் ஒருக்கா கேளு," என்றேன்.

கட்டிலில் சாய்ந்திருந்த ஜவ்பரிடம் போய் அதே கேள்வியைக் கேட்டாள். பக்கவாதம் அவர் நாக்கைத் தொடவில்லை. நிதானமாகச் சொன்னார்:

"மகள், கடல் இந்தாதான் கிடக்கு. ராவு பகலாச் சத்தம் கேக்குது. ஜன்னலெல்லாம் றோட்டுப் பக்கம். ரெண்டு வருசமா நான் அதக் கண்ணால காணல்ல. இதுக்கு எத்தின நம்பர்?"

பிள்ளை பத்தை அழித்துவிட்டு இரண்டு போட்டாள். "ஏன் ரெண்டு எண்டு எழுத இதில எடமில்ல மாமி," என்றாள், குரல் இறங்கி.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் வேறு இடத்தில்.

கீழ்மாடியில் ஒரு வீட்டுக்கு மாற்றித் தரச் சொல்லி ரிஸ்மியா இரண்டு முறை வீடமைப்பு அலுவலகம் போயிருக்கிறாள். இரண்டு முறையும் ஒரே பதில் — "ஒங்களுக்குத்தான் வீடு தந்தாச்சே!" கட்டியாயிற்று, ரிப்பன் வெட்டியாயிற்று, படம் எடுத்தாயிற்று. உள்ளே இருக்கிறவருக்கு அது வீடா, சிறையா? யார் பார்த்தார்கள்?

பொருளாதாரத் திட்டம் போடுகிற பெரியவர்களே, இதற்காகத்தானே மகிழ்ச்சியை அளக்க வேண்டும்? அதே சீமெந்து, அதே கல், அதே செலவு. கீழே கொடுத்திருந்தால் ஒரு மனிதர் வாழ்ந்திருப்பார். மேலே கொடுத்ததால் கிடக்கிறார். வீடுகளை எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது. ஆளைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். அப்படிக் கேட்பது சராசரி போட்டு அறிக்கை அச்சடிக்க அல்ல — இரண்டு என்று சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்று தேடிப் போவதற்கு!

எனக்கும் வெட்கம்தான். இரண்டு வருடமாக அந்தக் கதவைத் தாண்டித்தான் நடந்தேன். சுகம் விசாரித்தேன். என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே கீழ்மாடியில் இருக்கிற அஸ்மியிடம் விஷயத்தைச் சொன்னேன். கடையில் வேலை செய்கிறவன், புதிதாகக் கலியாணம் முடித்தவன். அவன் யோசிக்குமுன் மனைவி முந்திக்கொண்டாள்.

"இத முன்னயே சொல்லியிருக்கலாமே மாமி! எங்களுக்குப் படி ஏற ஏலும்தானே. நாங்க மேல வாறம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நாலு பேர் சேர்ந்து இரண்டு வீட்டுச் சாமானையும் மாற்றினார்கள். ஜவ்பரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திப் படியிறக்கினார்கள். கீழ்வீட்டு வாசலில் அவர்கள் நிற்கவில்லை. கதிரையோடு நேரே கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

பொழுது பட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை அங்கேயே இருந்தார். இவ்வளவு நேரமும் என்ன பார்த்தீர்கள் என்று ரிஸ்மியா கேட்டாளாம்.

"யாருட யாருட தோணிக்குப் புதுப் பெயின்ட் அடிச்சிரிக்கி எண்டு பாத்தன்," என்றாராம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டார்களா?

இந்தத் திங்கட்கிழமை இரண்டு வீட்டுக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம். அனுமதியில்லாமல் வீடு மாறியது விதிமீறலாம். பதினான்கு நாளுக்குள் அவரவர் பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டுமாம்!

ஒரு மனிதர் இரண்டு வருடம் கடலைக் காணாமல் கிடந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டில் படியிறங்கியது மட்டும் உடனே தெரிந்துவிட்டது.

ரிஸ்மியா கடிதத்தோடு என்னிடம் ஓடிவந்தாள். "இப்ப என்ன ராத்தா செய்யிற?"

"நீ ஒண்டும் செய்ய வாணா. கடிதத்த இஞ்ச வெச்சிட்டு, அவரக் கடலுக்குக் கூட்டிட்டுப் போ," என்றேன்.

பதிலை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்... முடிக்கும்போது அப்படி இருக்காது.