'ஏ' விழாத கீபோர்டும் தீபாவளித் தள்ளுபடியும்

எண்பதுகளின் கடைசியில் நானும் என் கணவரும் தென்காசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினோம். மதுரையில் யாரோ மூடிவிட்டுப் போன பயிற்சி மையத்திலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை, இருந்த டைப்ரைட்டர்களை விற்ற காசில் அவர் வாங்கி வந்தார். தினமும் அதற்குப் பூ வைப்பார். எனக்கு வாங்கித் தந்ததாக நினைவில்லை.

ஆனியில் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. விடியும்போதே சைக்கிளில் போய், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் ஆசை தீர நின்றுவிட்டுத்தான் வகுப்புக்கு வருவார். ஒருநாள் தலையைத் துவட்டாமலே கீபோர்டின் மேல் குனிந்து யாருக்கோ பாடம் சொல்லிக்கொடுத்தார். அருவித் தண்ணீர் பாதி அவர் முடியில்தான் இருந்திருக்கும்போல. சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியது. அன்றோடு 'ஏ' என்ற ஆங்கில எழுத்து செத்துப்போனது.

டைப்பிங்கில் முதல் பாடமே 'ஏ'யில்தான் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் எழுத்திலேயே நின்றார்கள். விண்ணப்பம் அடிக்க வந்தவர் தன் பெயரிலும் அப்பா பெயரிலும் ஊர்ப் பெயரிலும் விட்டுப்போன எழுத்தையெல்லாம் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.

ரத வீதியில் ரேடியோவும் டிவியும் விற்ற அண்ணாச்சி ஒருவர், கம்ப்யூட்டர் சாமானுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். அதில் கீபோர்டு இருந்தது. இருவரும் போய் விலை கேட்டோம். அண்ணாச்சி சொன்னார். என் கணவர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏட்டி, தீபாவளிக்குத் தள்ளுபடி போடுவாரு. அதுவரைக்கும் பொறுப்போம்."

"ஆடித் தள்ளுபடி அடுத்த மாசமே வருதுல்லா?"

"அது துணிக்கு."

நாலு மாதம் பொறுத்தோம். பாதிப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் எல்லா எழுத்தும் விழும்.

ஐப்பசியில் அண்ணாச்சி கடை முழுக்க வண்ணக் காகிதம் தொங்கியது. 'தீபாவளி சிறப்பு விற்பனை! பாதி விலை!' என் கணவர் புதுச் சட்டையைத் தீபாவளிக்கு முன்பே போட்டுக்கொண்டு கிளம்பினார். அலமாரியில் அதே கீபோர்டு. அட்டையில் ஒரு விலையைப் பெரிதாக எழுதி அடித்திருந்தார்கள். கீழே பாதி விலை. அந்தப் பாதியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஆனியில நீங்க சொன்ன விலை இதுதான."

கடையில் கூட்டம். என் கணவர் என் முழங்கையை இடித்தார். அண்ணாச்சி கொஞ்சமும் கூசவில்லை.

"ஆமா தங்கச்சி. அன்னைக்கு இதே விலையச் சொன்னேன், உங்க வீட்டுக்காரரு வேண்டாம்னு போயிட்டாரு. இன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே வாங்குதாரு. நான் என்ன செய்ய?"

கடையே சிரித்தது. என் கணவரும் சிரித்தார், விஷயம் புரியாமல்தான். எனக்கு விட மனமில்லை.

"அப்போ ஆனி விலையில பாதி போடுங்க. வெளியே எழுதியிருக்கதைத்தான கேக்கேன்."

அண்ணாச்சி சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்களும் தங்கள் கையிலிருந்த ரேடியோவையும் மிக்ஸியையும் சந்தேகமாகப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள். சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, ஒரு பிளாப்பி டப்பா சும்மா தாரேன். சத்தம் போடாம கொண்டு போங்க." வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒரு எழுத்துகூட விழவில்லை. முன்பு ஒன்றுதான் போயிருந்தது, இப்போது எல்லாமே. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போட்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கீபோர்டைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு குட்டி சுவிட்ச். ஒரு பக்கம் பழைய மெஷினுக்கு, மறுபக்கம் புதுசுக்கு. ஊக்கால் நகர்த்திவிட்டு மறுபடி போட்டதும் திரையில் எழுத்துகள் ஓடின.

"ஏட்டி, எப்படிட்டி?" என்றார்.

"தள்ளுபடியில இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க" என்றேன்.

போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். தீபாவளி முடிந்து வண்ணக் காகிதத்தை எல்லாம் கழற்றிய பிறகு ஒருநாள், சும்மாதான், அண்ணாச்சி கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியில் இன்னொரு கீபோர்டு. விலை கேட்டேன். அதே விலை.

மார்கழியில் பிரிண்டர் ரிப்பன் தேய்ந்துபோனது. "பொங்கலுக்குத் தள்ளுபடி போடுவாரு, பொறுப்போம்" என்றார் என் கணவர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே ரத வீதிக்கு நடந்தேன்.