டேப்புக்கு எட்டாத அகலம்

அகலப்பாதை போடுவதற்காக எங்கள் ஊர் வழியாகப் போன ரயிலை நிறுத்தியபோது, திருவண்ணாமலையிலேயே மகிழ்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஆறு வயது.

காரணம் மாமா. அப்பா சூரத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தார். இரண்டு கார்த்திகைத் தீபத்துக்கு ஊருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உங்கப்பா பிராட் கேஜ் ஆளும்மா. நம்ம ஊரு தண்டவாளம் மீட்டர் கேஜ். இதுல வந்தா கவுந்துடுவாரு," என்றார் மாமா.

"கொழந்தகிட்ட என்னடா பேச்சு," என்று அம்மா தன் தம்பியை அடக்கினாள்.

மாமா சொன்னதில் பாதி உண்மை. நாட்டின் பெரிய தடங்கள் அகலம், எங்களுடையது குறுகல். வடக்கிலிருந்து வரும் மூட்டைகளைக் காட்பாடியில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். அப்பாவை மாற்றி ஏற்ற ஆளில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதை வேலை முடிய வருடங்கள் ஆயின. புதுத் தண்டவாளம் பதித்ததும் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப்போய்க் குறுக்கே வைத்தேன். அறுபது அங்குலமும் தீர்ந்தது; எதிர்த் தண்டவாளம் என் கைக்கு இன்னும் ஒரு சாண் தள்ளி இருந்தது. இன்று பாதை அளப்பதே என் வேலை. எந்த அளவும் அன்றுபோல் நிறைவாக வந்ததில்லை.

முதல் வண்டிக்கு அம்மாவைக் கெஞ்சி அழைத்துப்போனேன். இஞ்சினில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கிரிவலத்துக்கு வந்தவர்கள், இரண்டு சாமியார்கள், கூடையோடு ஒரு பூக்காரம்மா இறங்கினார்கள். கடைசிப் பெட்டி காலியாகும்வரை நான் நகரவில்லை. அம்மாவும் அவசரப்படுத்தவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார்.

"அப்பா, இப்ப டேப்பே பத்தல. நீ நேரா வந்துடலாம்."

அப்பாவுக்குப் பின்னால் பட்டறை இயந்திரச் சத்தம் கேட்டது.

"எவ்ளோ இருக்கு?"

"அறுபது இஞ்சு. அப்புறம் ஒரு சாண்."

"ஜாஸ்திதான்," என்றார். பிறகு, "அம்மாகிட்ட குடு."

அம்மா எதிரிலேயே சும்மா உட்கார்ந்திருந்தாள். "கையில மாவுன்னு சொல்லு," என்றாள் மெதுவாக. சொன்னேன். போனை வைத்ததும் அவள் எழுந்துபோய், மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசையத் தொடங்கினாள். வெகுநேரம் பிசைந்தாள்.

நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பிசைகிறாள் என்று அன்று நினைத்தேன்.