கோர்ட்டு வாசலில் எழும்பாதவள்

செல்லபாய் அகப்பையை எடுத்துக் கஞ்சிப் பானையின் வாயில் குறுக்கே வைத்துவிட்டாள் என்றால், ஜட்ஜியின் குதிரைவண்டி தெருமுனை திரும்பிவிட்டது என்று அர்த்தம். வண்டி மணி மற்றவர்கள் காதில் விழுமுன்பே அவள் காதில் விழுந்துவிடும். அதற்குமேல் எவன் சட்டியை நீட்டினாலும் ஊற்ற மாட்டாள். கோர்ட்டு வாசலில் குந்தியிருக்கும் வாதி, பிரதிவாதி, சாட்சி, வக்கீல் குமாஸ்தா எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு, தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கி, எழுந்து நிற்பார்கள். செல்லபாய் எழுவதும் எழாததும் வருகிற ஜட்ஜியைப் பொறுத்தது.

திருவனந்தபுரத்தில் அந்தக் கோர்ட்டுக்கு எத்தனையோ ஜட்ஜிகள் வந்து போய்விட்டார்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் ஒன்றுகூடச் செல்லபாய்க்கு நினைவில்லை. கிறிஸ்தவ வேதத்தில் வருகிற ராஜாக்களின் பெயரைத்தான் அவர்களுக்கு வைத்திருக்கிறாள். பெரியவர்கள் சொல்லைத் தள்ளிவிட்டுத் தன் வயசுக் கூட்டாளிகள் சொல்லைக் கேட்டு, வந்தவர்களையெல்லாம் தேளாய்க் கொட்டிய ஒருவர் ரெகொபெயாம். அவருக்கு அவள் ஒருநாளும் எழும்பவில்லை. மீசை அரும்பாத முகத்தோடு வந்து ஏழைகளின் வழக்கை முதலில் கூப்பிட்ட ஒருவர் யோசியா. அவர் மாற்றலாகிப் போன அன்று வண்டிக்காரன் கையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு பொதி கட்டிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ராஜாக்கமாருக்கு முதல் வேலை சண்டை பிடிக்கது இல்ல கேட்டியளா. வாசல்ல இருந்து நியாயம் தீக்கியதாக்கும். தாவீதும் சாலொமோனும் அதுக்குத்தான் இருந்தாவ. நம்ம ராஜாவுக்கு எல்லா இடத்திலயும் வந்து இருக்க முடியுமா? அதினால இவிய கையில கோலைக் குடுத்து இருத்தியிருக்காரு. கோலு கையில இருந்தா ராஜாதான். நல்ல ராஜாவா கெட்ட ராஜாவான்னு நான் பாக்கண்டாமா?” என்பாள்.

அவளுக்கு ஐம்பது வயசு இருக்கும். விளவங்கோட்டுப் பக்கத்துக்காரி. கொத்தனாரான புருஷனோடு பிழைக்க வந்தவள். அவன் கண்ணை மூடிய பிறகு, அவன் கல் சுமந்து கட்டிய அந்தக் கோர்ட்டு மதிலோரமாகவே பானையை இறக்கினாள். தோளைத் தொடுகிற காதுகளில் ஒரு பொட்டு நகை கிடையாது. வெள்ளைச் சட்டையில் கஞ்சித் துளி ஒன்று தெறித்து யாரும் பார்த்ததில்லை. கஞ்சி, சிறுபயறு, காந்தாரி மிளகாய் அரைத்த துவையல், இவ்வளவுதான் கடை. பிலாவிலையை மடக்கி ஈர்க்குக் குத்திக் கரண்டியாகத் தருவாள். சாட்சிக் கூண்டு ஏறப்போகிறவனுக்கு மட்டும் துவையல் வைக்கமாட்டாள். “எரிச்சலுல தெரியாம பொய்யி வந்துரும்” என்பது அவள் கணக்கு.

எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குத்தான் அவளுக்குப் படிப்பு. ராஜாக்களின் கதையெல்லாம் உபதேசியார் வீட்டு ஜெபத்தில் வாசிக்கக் கேட்டது. வேதத்தில் யோராம் என்று இரண்டு ராஜாக்கள் உண்டு. அவர்கள் இருவரும் அவளிடம் எப்போதும் கலந்து போவார்கள். உபதேசியார் திருத்தினால், “ரெண்டும் கெட்டதுதானே ஐயா, கலந்தா ஒண்ணும் கெட்டுப்போவாது” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ராஜாவுக்காக ஜெபம் பண்ணுகிற நேரம் வரும். நீடிய ஆயுசைத் தாரும், சத்துருக்கள்மேல் ஜெயத்தைத் தாரும் என்று போதகர் கேட்பார். அதுவரை பாயில் சற்றுக் கண்ணயர்ந்திருக்கும் செல்லபாய், அந்த இடம் வந்ததும் முந்தானையை இழுத்துத் தலைக்கு மூடி, கண்களை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும்படி முணுமுணுப்பாள்: “நியாயம் தாரும் ஆண்டவரே. முதல்ல நியாயம் தாரும்.”

இப்போது இருக்கிற ஜட்ஜிக்கு அவள் வைத்த பெயர் யோசபாத். வந்த முதல் நாளே, வாசலைக் கடக்கத் தடுமாறிய ஒரு குருடருக்காக வண்டியை நிறுத்தி இறங்கி நின்றவர் அவர். ஊர் ஊராய் நியாயாதிபதிகளை வைத்து, ‘நீங்கள் தீர்க்கிறது மனுஷனுடைய நியாயம் அல்ல, கடவுளுடைய நியாயம்’ என்று புத்தி சொன்ன ராஜாவின் பெயர் அது. செல்லபாய் தினமும் எழுந்து நின்றாள். ஆனியில் ஒரு கல்யாணம் வரும்வரை நின்றாள்.

கல்யாணம் ஆறுமுகநயினார் வீட்டில். எண்ணெய் மொத்த வியாபாரி. சாலைக் கடைத்தெருவில் அவர் பெயரைச் சொன்னால் வண்டிகள் ஒதுங்கும். அவருடைய புது பங்களாவுக்கு அடுத்தாற்போல் உலகம்மை என்கிற விதவையின் துண்டு நிலம். ஒரு கிணறு, நாலு தென்னை. அவளும் அவள் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தக் கிணற்றை நம்பிக் கீரை போட்டு விற்றுப் பிழைக்கிறார்கள். நயினாருக்கு அங்கே பூந்தோட்டம் போட ஆசை. கேட்டார், உலகம்மை தரவில்லை. பிறகு, அவள் புருஷன் சாகுமுன்னே நிலத்தைத் தமக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்று வழக்குப் போட்டார். எழுதியதைக் கண்ணால் கண்டவர்கள் என்று இரண்டு பேரைக் கொண்டுவந்தார். அந்த இரண்டு பேரையும் கோர்ட்டு வாசலில் தெரியாதவர் இல்லை. ஒரே நாளில் ஆற்றிங்கலில் ஒரு பத்திரமும் நெய்யாற்றின்கரையில் ஒரு பத்திரமும் எழுதக் கண்டவர்கள்.

அவர்கள் வழக்கம்போலக் கஞ்சிக்கு வந்து உட்கார்ந்தபோது செல்லபாய் இருவர் கையிலிருந்தும் சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

“என்ன அக்கா, பானை காலியா?” என்றான் ஒருவன்.

“பானை நிறைய இருக்கு. ஆகாப் ராஜா, அடுத்த வீட்டுக்காரன் நாபோத்துக்க தோட்டத்தைக் கேட்டான். அவன் குடுக்கல்ல. பிறகு பொய்யி சொல்ல ரெண்டு பேரைப் பிடிச்சினும். அவியளுக்கு அண்ணு யாரோ ஒருத்தி சோறு போட்டிருப்பாள்லா. அவளை நான் நினைச்சுப் பாத்தேன். எனக்கு அந்த வேலை வேண்டாம்.”

“நாங்க ஆகாபையும் கண்டதில்ல, நாபோத்தையும் கண்டதில்ல.”

“காணாததை எல்லாம் கண்டேன்னு சொல்லியதுதானே உங்க பிழைப்பு? போங்க மக்கா.”

வாசலில் இருந்தவர்கள் கஞ்சி புரையேறச் சிரித்தார்கள்.

அந்த நயினார் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் ஜட்ஜி போனார். வழக்கு இன்னும் தீரவில்லை. முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, பன்னீர் தெளிக்கப்பட்டு, சந்தனம் பூசி, இலைபோட்டுச் சாப்பிட்டு வந்தார். ஊரே பார்த்தது.

மறுநாள் காலையில் வண்டி மணி கேட்டது. அகப்பை பானைமேல் குறுக்கே ஏறியது. எல்லாரும் எழுந்தார்கள். செல்லபாய் இருந்த இடத்திலேயே இருந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே.

கோர்ட்டு குமாஸ்தா சேஷன் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரர். கஞ்சி குடிக்கமாட்டார், ஆனால் வெற்றிலை போடுகிற சாக்கில் சற்று விலகி நின்று அவளோடு நாலு வார்த்தை பேசாமல் உள்ளே போகமாட்டார்.

“என்ன செல்லபாய், கால்ல சுளுக்கா?”

“கால் நல்லாத்தான் இருக்கு சாமி. யோசபாத்து ஆகாபுக்க வீட்டுல போயி உண்டிருக்கான். பின்ன எப்படி எழும்பியது?”

“கல்யாணத்துக்குக் கூப்பிட்டா போகாம இருப்பாளா யாராவது?”

“வழக்கு தீந்த பிறகு போவட்டு. உலகம்மை கீரைக்கட்டோட வந்து கூப்பிட்டா, அவ வீட்டுல போயி உண்ணுவாரா?”

சேஷன் வெற்றிலையை மென்றார். “சரி, இனிமே அவர் ஆகாபா?”

“இல்ல சாமி. பேரை நான் மாத்தல்ல. யோசபாத்தும் ஒருக்க ஆகாபுக்க விருந்துக்குப் போனவன்தான். ஆடும் மாடும் அடிச்சுப் போட்டான் ஆகாப். திரும்பி வந்தப்பம் ஒருத்தன் எதிரே போயி நிண்ணு, ‘கெட்டவனுக்குத் துணை நிக்கலாமா’ன்னு முகத்துக்கு நேரே கேட்டான். அதுக்குப் பிறகாக்கும் ஊர் ஊருக்கு நியாயாதிபதி வச்சது. யாராவது கேக்கணும்லா?”

“அந்தத் தீர்க்கதரிசி நீதானாக்கும்!”

“எனக்குத் தீர்க்கதரிசனம் ஒண்ணும் வராது. இருக்கத் தெரியும். இருக்கேன்.”

செய்தி நயினார் காதுக்குப் போயிற்று. அவர் வண்டியை மதிலோரம் நிறுத்தி, இறங்காமலே கேட்டார்: “ஏ செல்லபாயி, கஞ்சிக்காரிக்கு ராஜாக்கமாருட்ட என்னட்டீ காரியம்?”

“முதலாளி, ராஜாவுக்குக் கீரைக்காரிக்க கிணத்தில காரியம் இருந்தா, கஞ்சிக்காரிக்கும் ராஜாட்ட காரியம் உண்டு.”

வண்டி போய்விட்டது. அன்று சாயங்காலம் சேஷன் வெற்றிலை இல்லாமல் வந்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

“கேட்டுக்கோ. நாளைக்கு உலகம்மை வழக்குல தீர்ப்பு சொல்றார். வாசலை அடைச்சுண்டு கடை எதுக்குன்னு ஐயாவே இன்னிக்குக் கேட்டுட்டார். சேவகன்கிட்ட சொல்லியும் ஆச்சு. நாளைக்கும் நீ குந்திண்டு இருந்தா பானையைத் தூக்கித் தெருவுல வச்சுடுவான். ஒரு நிமிஷம் எழுந்து நில்லேன், என்ன குறைஞ்சுடும்?”

செல்லபாய் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “இந்த மூலையை விட்டா எனக்கு வேற இடமில்ல சாமி. அது எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு, “நாளைக்கும் நிண்ணுட்டா, அந்த விருந்துல நானும் இலை போட்டு உண்டது மாதிரியாக்கும்” என்றாள்.

காலையில் உலகம்மை தன் இரண்டு பெண்களோடும் வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்லபாய் மூன்று சட்டியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். உலகம்மைக்கு இறங்கவில்லை. “எனக்காண்டி உன் சோத்துல மண்ணு விழ வேண்டாம் அக்கா. எந்திச்சிரு” என்று கெஞ்சினாள். “நீ குடி பிள்ளே, ஆறிப்போவும்” என்றாள் செல்லபாய்.

வண்டி மணி கேட்டது. அகப்பை குறுக்கே ஏறியது. வாதிகள் எழுந்தார்கள், சாட்சிகள் எழுந்தார்கள், நயினார் தமக்கென்று போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். சேவகன் கடைப்பக்கமாக வந்து கையைக் கட்டி நின்றான். உள் வராந்தாவிலிருந்து சேஷன் உள்ளங்கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். வண்டி என்றும் இல்லாதபடி கஞ்சிக்கடைக்கு நேரே நின்றது. ஜட்ஜி இறங்கினார். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக அவளுக்கு எதிரே நின்று, அவளையே பார்த்தார்.

செல்லபாய் அவர் முகத்தை ஒருதரம் நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, வேதக்கோயிலில் செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தலைக்கு மூடி, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.