பொற்கொடி மிஸ்ஸின் டபிள்யூ

அந்த வீட்டில் மாவாட்டுவது பொற்கொடியின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, பனியன் கம்பெனி வேன் ஓட்டும் புருஷன் ரவிக்குமார் டிவி முன்னால் துண்டை விரித்துப் படுத்ததும், ஊறிய அரிசியையும் உளுந்தையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துக்கொள்வாள். வாரத்துக்கு ஒரு தடவை ஆட்டினால் மூன்று பேருக்குத் தாராளம். ஆனால் அந்த ஆவணி மாதம் அவள் நாள் விட்டு நாள் மாவாட்டினாள். ஃப்ரிட்ஜில் மாவு பொங்கி வழிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் போனது.

கிரைண்டர் ஓடினால் அவள் வாயில் வருவது அடுத்த அறைக்குக் கேட்காது. அதற்காகத்தான் இத்தனை மாவும்.

ஜன்னல் கம்பியில் கைக்கண்ணாடியைச் செருகி, உதட்டை விசிலடிக்கப் போகிறவள் போலக் குவித்து, "ஊல்" என்பாள். கண்ணாடியில் உதடு குவிவதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டிருக்கும். மறுபடியும் குவிப்பாள். "ஊல்."

வர வேண்டியது "வுல்". கம்பளி நூல்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவிநாசிக்கு வெளியே, மில் நடத்தும் செங்கோடன் கட்டிய பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக மிஸ், இப்போது யூகேஜிக்கு. அந்தப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு இரண்டே பெயர். பாடம் நடத்துகிறவர்கள் மிஸ். டே கேரில் சோறூட்டி, கால் கழுவிவிட்டு, பாய் விரித்துத் தூங்க வைக்கிறவர்கள் அக்கா.

பொற்கொடியின் அம்மா காளியாத்தாள், செங்கோடனின் மஞ்சள் காட்டில் களை எடுத்தவள். அவர் அவளை "ஏ காளி" என்பார். அவள் அவரைச் "சாமி" என்பாள். பொற்கொடி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வகுப்பு வாசலில் நின்று செங்கோடன் சொன்னார்: "மிஸ்ஸுங்க, பசங்க சத்தம் ரோடு வரைக்கும் கேக்குதுங்க, பாத்துக்கங்க." அன்று சாயங்காலம் அதை அம்மாவிடம் அப்படியே சொன்னாள்.

"ங்க போட்டா பேசுனாரு?" என்றாள் காளியாத்தாள்.

"ஆமா."

"பக்கத்துல ஒறம்பரை, விருந்தாளின்னு ஆரும் இல்லாதப்பவா?"

"ஆருமில்ல. நானும் பசங்களுந்தான்."

காளியாத்தாள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

வினை இந்த வருஷம் ஃபோனிக்ஸ் என்ற பெயரில் வந்தது. செங்கோடனின் மருமகள் ரித்திகாதான் இப்போது பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறாள். எல்லா மிஸ்களையும் ஹாலில் உட்கார வைத்து, கோயமுத்தூரிலிருந்து அருள்குமார் என்றொரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தாள். ஆங்கிலத்தில் எழுத்து இருபத்தாறானாலும் ஒலி நாற்பத்து நாலு என்று அவர் ஆரம்பித்தார். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ப்' என்றார். காகிதம் துள்ளியது. தொண்டையில் விரலை வைத்து 'ஸ்ஸ்' சொல்லுங்கள், ஒன்றும் இருக்காது. 'ஸீப்ரா'வின் முதல் ஒலியைச் சொல்லுங்கள், விரலுக்கடியில் வண்டு பறக்கும் என்றார்.

பொற்கொடி விரலை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே வண்டு பறந்தது. பத்தொன்பது வருஷமாக 'இஸட் ஃபார் ஸீப்ரா' சொல்லிக்கொடுத்திருக்கிறாள், தன் தொண்டைக்குள் இப்படியொரு வண்டு இருப்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த லோகப்பிரியா மிஸ்ஸின் கையைப் பிடித்து இழுத்து, "இங்க தொட்டுப் பாருங்க, இங்க" என்று தன் கழுத்தில் வைத்தாள். தானே நேற்றுக் கல்லூரி முடித்து வந்தவள் போலிருந்தது அவளுக்கு.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அருள்குமார் நூற்கண்டு படம் போட்ட அட்டையை அவள் பக்கம் காட்டினார்.

"ஊல்," என்றாள் பொற்கொடி, நல்ல சத்தமாக.

"ஓநாய் படமா இருந்தா ஊளையாவது பொருத்தமா இருக்குமுங்க மேடம். இது கம்பளி நூலு."

ஹால் கொல்லென்று சிரித்தது. ரித்திகாவும் சிரித்தாள், சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மூடாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த அட்டையில் ஓநாயே வந்தது. அதற்கும் "ஊல்ஃப்" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பரீட்சை என்று ரித்திகா ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். மேலே இருபது சொல், கீழே ஒரு கிழட்டு ஆந்தையைப் பற்றி நாலு வரி. தன் எதிரில் படித்துக் காட்ட வேண்டும், அதைப் பதிவு செய்து பெற்றோர்களின் குழுவுக்கு அனுப்புவோம். சரியாக வராதவர்கள் டே கேருக்கு மாறிக்கொள்ளலாம். "யாரும் ஃபீல் பண்ணக் கூடாது. டே கேரும் நம்ம ஸ்கூல்தான்."

இப்படித்தான் மாவு வழிய ஆரம்பித்தது.

நாலாவது நாள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கிரைண்டர் சட்டென்று நின்றதும், 'வுமன்' வராமல் அவள் அடிவயிற்றிலிருந்து போட்ட "ஊமன்!" வீடு முழுக்க எதிரொலித்தது.

"ஆரடீ ஊமைங்கற?" என்று ரவிக்குமார் படுத்தபடியே கேட்டான். "நாம்பாட்டுக்குச் சிவனேன்னு படுத்துக் கெடக்கறேன்."

"உங்களையில்லீங்க."

சமையலறை வாசலில் மகள் யுவஸ்ரீ வந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை. அவளும் மில்லுக்காரர் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். எல்கேஜியிலும் யூகேஜியிலும் அவளுக்கு மிஸ் பொற்கொடியேதான். கல்லூரி முடித்துப் போன முதல் நேர்காணலில், 'என் தாயார் வேலைக்குப் போகும் பெண்' என்று ஆங்கிலத்தில் பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேர் 'ஊமன்' என்று வந்த அந்தப் 'பெண்'ணைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மூன்று தடவை. வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "யூகேஜில நீதான எனக்கு மிஸ்ஸு?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அதோடு சரி, அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை. பயிற்சி வகுப்புக்குப் போய் ஆறு மாதம் நாக்கை மடக்கி வேறு கம்பெனியில் சேர்ந்தாள்.

"அந்தத் தாளக் குடு," என்றாள் இப்போது.

பொற்கொடி மாவுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். யுவஸ்ரீ மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வீட்டை ஊடுங்கறோம்ல. அங்கயே வ-வை முழுங்கிப் பழகிப்போச்சு. இங்கிலீஸ்லயும் போய் முழுங்குற. மொதல்ல உதடு, பொறகு சத்தம். மெழுகுவத்திய ஊது."

"எந்த மெழுகுவத்தி?"

"கரண்ட் போயிருக்குதுல்ல? பத்த வெச்சு ஊது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வகுப்பு. கட்டிலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டே யுவஸ்ரீ சொல்லுவாள், எதிரில் முக்காலியில் உட்கார்ந்து பொற்கொடி திருப்பிச் சொல்லுவாள்.

"மறுபடி."

"ஊட்."

"எங்க ஆபீஸ் வாட்ச்மேன் வட நாட்டுக்காரன். அவன் ரெண்டு மாசத்துல தமிழே பேசறான். மறுபடி."

"வ்ஊட்."

"என்னத்தக் கக்கற? மறுபடி."

"நீயும் சின்னதுல இப்புடித்தான் கண்ணு. 'ர' வரவே வராது உனக்கு. மடியில உக்கார வெச்சு..."

"கதையெல்லாம் வேண்டாம். மறுபடி."

ரவிக்குமார் ஒரு நாள் தாங்கமாட்டாமல், "ஏம்புள்ள, பெத்தவளப் போட்டு இந்த மெரட்டு மெரட்டற?" என்றான். பொற்கொடிதான் கோபப்பட்டாள். "நீங்க சும்மா இருங்க. அவளுக்குத் தெரியும்."

பன்னிரண்டாவது நாள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. உதடு தானாகக் குவிந்தது, குவிந்த உதட்டிலிருந்து சத்தம் வழுக்கிக்கொண்டு வந்தது. வுல். வுட். வுமன். வுல்ஃப். பொற்கொடி கையைத் தட்டிச் சிரித்தாள். முக்காலி ஆடியது. சூட்டோடு சூடாகக் கீழே இருந்த ஆந்தைக் கதையையும் படித்துவிட்டாள். அந்தக் கிழட்டு ஆந்தை அக்டோபரில் ஓட்ஸ் மட்டும் தின்ற கதை.

யுவஸ்ரீ போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அம்மாவின் வாயையே பார்த்தாள். ஏதோ சொல்ல வருகிறவள் போல உதடு லேசாகப் பிரிந்தது.

"சரியா இருக்குதா கண்ணு?"

"சரியாத்தான் இருக்குது," என்றாள் யுவஸ்ரீ. "அப்புடியே படி."

வெள்ளிக்கிழமை. ரித்திகாவின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்து சோபாவில் செங்கோடன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரித்திகா போனை மேஜையில் வைத்துப் பதிவு பொத்தானை அமுக்கினாள். பொற்கொடி இருபது சொல்லையும் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். 'பெண்' என்ற சொல்லை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள், அழகாக வருகிறதே என்று.

"சூப்பர் மிஸ்!" என்றாள் ரித்திகா. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "கீழ இருக்கறதும் படிச்சுடுங்க."

நம் பக்கத்து வாய்க்கு இன்னொரு வழக்கமும் உண்டு. 'ஒண்ணு' என்பதை யாரும் மொட்டையாக 'ஒ' என்று தொடங்குவதில்லை. முன்னால் ஒரு சின்ன வகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் உதட்டைக் குவித்துக் குவித்து, பொற்கொடியின் வாயில் அந்தச் சின்ன வகரம் தடித்துப் பெரிதாகிவிட்டிருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் பாடுபட்டு வரவழைத்தது, இருக்கக் கூடாத இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வோல்டு வவுல்," என்று கிழட்டு ஆந்தையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை மெழுகுவர்த்தி ஊதும் அளவுக்குக் குவித்தாள். வொன்லி. வோட்ஸ். வக்டோபர். நாலு வரியையும் தலை நிமிர்ந்து படித்து முடித்து, ரித்திகாவின் முகத்தைப் பார்த்தாள். ரித்திகா உள்ளே கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்... ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் டபிள்யூ போட்டுட்டீங்க."

"எங்கீங்க?"

ரித்திகா பதிவைப் போட்டுக் காட்டினாள். வவுல், என்றது போன். சோபாவில் பேப்பர் குலுங்கியது.

"ஏனுங்க மிஸ்ஸு, ஆந்தைக்கு ஏதுங்க உதடு?" என்றார் செங்கோடன். சிரித்து அடங்கியதும் மருமகளைப் பார்த்தார். "எங்க காலத்துல இதெல்லாம் ஆரு பாத்தா அம்மணி? கோயமுத்தூர் ஊமன்ஸ் காலேஜுல இருந்துதான உங்க அத்தைய நாங் கட்டியாந்தேன். நூத்துக்கு ஒரு ஊமன் படிச்ச காலம்."

"ஆமாங்க மாமா," என்றாள் ரித்திகா.

ஊமன். பொற்கொடிக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது, ஒரு தரமில்லை, இரண்டு தரம். அவள் ரித்திகாவைப் பார்த்தாள். ரித்திகா முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. தாளில் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமையிலிருந்து யூகேஜிய லோகப்பிரியா மிஸ் எடுத்துக்கட்டும். நீங்க டே கேர் பாத்துக்கங்க. கொழந்தைங்கன்னா உங்களுக்கு உசிருன்னு எனக்குத் தெரியும். சரிங்களா அக்கா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. தானாகத்தான் வந்தது.

"இன்னொரு வாரம் குடுத்தீங்கன்னா சரி பண்ணிப்போடுவனுங்க. இது வந்துருச்சுங்களே, அது போறதுக்கு எத்தன நாளாகுமுங்க?"

"பாக்கலாங்க்கா. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பொற்கொடி தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். வாசலைத் தாண்டும்போது செங்கோடன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"பொற்கொடி, அந்தக் கதவச் சாத்திப்போட்டுப் போ. ஏசி போகுது."

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கேலிகூட 'ங்க' போட்டுத்தான் வந்தது. அந்த 'ங்க'வும் வரும் என்று ஒரு விநாடி நின்றாள். வரவில்லை. கதவைச் சாத்தினாள்.

வீட்டில் யுவஸ்ரீ வேலைக்கு உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. மடிக்கணினி திறந்திருந்தது, ஹெட்செட் கழுத்தில் மாலை போலக் கிடந்தது. பொற்கொடி கைப்பையை இறக்காமல் உள்ளே வந்து நின்றாள்.

"அந்த ஆந்தைக் கதை உன்ற முன்னாடி படிச்சனே. தப்பாவா படிச்சேன்?"

"ஆமா."

"அன்னைக்கே தெரியுமா?"

"மொத வார்த்தையிலயே தெரியும்."

"பொறகேன் கண்ணு சொல்லல?"

யுவஸ்ரீ திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு ஆரு சொன்னா? மூணு பேரு முன்னாடிதான் தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் நீ சொல்லிக் குடுத்தது தப்புன்னு. உனக்கு எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"ஒண்ணு கொறைச்சல்தான்."

பொற்கொடி ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"எனக்குத் தெரியாதுடா. தெரியாமத்தான சொல்லிக் குடுத்தேன். உனக்குத் தெரிஞ்சிருந்துச்சே."

யுவஸ்ரீயின் விரல் விசைப்பலகையில் ஓர் எழுத்தின் மேல் நின்றது, அமுக்கவில்லை.

"திங்கக்கிழமையில இருந்து டே கேருன்னு சொல்லிப்போட்டாங்க. அக்கான்னு கூப்பிட்டாங்க." இதைச் சொல்லும்போதும் பொற்கொடியின் குரல் உயரவில்லை. "அது போகட்டும். ஆந்தைக்கு எப்புடிச் சொல்லோணும்? அதையாவது சரியாச் சொல்லு. நான் ஒருக்காத் தெரிஞ்சுக்கறேன்."

யுவஸ்ரீ ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினாள். மணி அடிக்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. மைக்கை வாய்க்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

பொற்கொடி மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், குவிகிறதா, விரிகிறதா என்று. அது மூடியே இருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு, தோளிலிருந்து நழுவிய கைப்பையை ஏற்றிப் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.